நன்னாரிப் பாகு ஏன் கெடுவதில்லை?

சித்திரை மாதம், காரைக்குடிக்குப் பக்கத்தில் மானகிரி. வெயில் காலத்தில் அங்கே எந்த வீட்டு அடுப்படியிலும் இரண்டு இனிப்புத் திரவங்களைப் பார்க்கலாம். ஒன்று, காலையில் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் போட்டுக் கரைத்த பானகம். மற்றொன்று, அலமாரியில் நிற்கும் நன்னாரிப் பாகு. மாசிக் கடைசியில் காய்ச்சி பாட்டிலில் ஊற்றியது. பானகத்தை மறந்துபோய் வெளியிலேயே வைத்துவிட்டால் மறுநாள் காலை நுரை கட்டிப் புளித்திருக்கும். பாகு ஆடி பிறக்கும்வரை அசையாமல் நிற்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், மருந்து எதுவும் கலக்க வேண்டாம்.

இரண்டிலும் இருப்பது இனிப்பும் தண்ணீரும்தான். எறும்புக்கும் ஈக்கும் பிடித்த சர்க்கரை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் உணவுதான். அப்படியானால் சர்க்கரை அதிகமாக இருக்கும் பாகுதானே முதலில் கெட வேண்டும்?

பாகில் சர்க்கரை அளவு மீறி நஞ்சாகிவிட்டது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது சரியில்லை என்று காட்டுவது எளிது. அதே பாகை ஒரு டம்ளரில் எடுத்து நாலு பங்கு தண்ணீர் கலந்து வெளியில் வைத்தால் அதற்கும் பானகத்தின் கதிதான். சர்க்கரை போன இடம் எங்குமில்லை, தண்ணீர்தான் கூடியது. ஆக, சர்க்கரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

பாகில் தண்ணீரே இல்லையா என்றால், இருக்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீர் சும்மா இல்லை. செட்டிநாட்டுக் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பிலிருந்து வளவைத் தாண்டி மூன்றாங்கட்டு வரை ஆள் நெரிசல். ஆனாலும் ஆச்சி வந்து, “யாராவது ஒருத்தர் கடைவரைக்கும் போய்ட்டு வாங்கப்பா” என்று கேட்டால் ஒருவர்கூட அகப்பட மாட்டார். ஒருவர் பந்தியில், ஒருவர் சாமான் அறையில், ஒருவர் வாசலில் வரவேற்பில். பாகுக்குள் தண்ணீரின் நிலை ஏறக்குறைய இதுதான். ஒரு சர்க்கரை மூலக்கூறில் தண்ணீரைப் பற்றிக்கொள்ளத் தோதான இடங்கள் எட்டு உண்டு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னச் சின்ன முனைகள் அவை. நன்றாகக் காய்ச்சிய சர்பத் பாகில் ஒரு சர்க்கரை மூலக்கூறுக்கு ஒன்பது அல்லது பத்து தண்ணீர் மூலக்கூறுகளே இருக்கின்றன. பானகத்திலோ ஒன்றுக்கு நூறு போல. நுண்ணுயிர் வந்து தண்ணீர் கேட்டால் பானகத்தில் உடனே கிடைக்கும். பாகில் கிடைக்காது.

ஒரு பொருளில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவு ஓடியாட விடுதலையாக இருக்கிறது என்பது வேறு கணக்கு. இந்த இரண்டாவதை ‘நீர்ச் செயல்பாடு’ என்கிறார்கள். இதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. பாகைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். விடுபட முடிந்த தண்ணீர் ஆவியாகி மேலே வரும். கொஞ்ச நேரத்தில் போவதும் வருவதும் சமமாகிவிடும். அப்போது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதத்தைப் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரை வைத்திருந்தால் அது 100 சதவீதம் வரை ஏறும். இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்த பாகு என்றால் 86 பக்கத்தில் நின்றுவிடும். அந்தப் பாகின் நீர்ச் செயல்பாடு 0.86 என்று எழுதுவார்கள். பானகத்துக்கு அது 0.99. நல்ல தேனுக்கு 0.6 அளவில்.

நுண்ணுயிர்கள் இந்த எண்ணைத்தான் பார்க்கின்றன என்று எப்படித் தெரியும்? ஆஸ்திரேலியாவில் டபிள்யூ. ஜே. ஸ்காட் என்ற ஆய்வாளர் 1930-களில் மாட்டிறைச்சியின் மேல் என்னென்ன நுண்ணுயிர்கள் எந்த ஈரத்தில் வளர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியே போய், 1953-ல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். உணவை நஞ்சாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை 30 டிகிரி வெப்பத்தில் பலவகை உணவுகளிலும் கரைசல்களிலும் வளர்த்துப் பார்த்தார். அவற்றில் இருந்த தண்ணீரின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஆனால் நீர்ச் செயல்பாட்டின்படி வரிசைப்படுத்தியபோது எல்லாம் ஒரே கோட்டுக்கு வந்தன. எதனால் தண்ணீர் கட்டுண்டிருக்கிறது என்பதைப் பற்றி அந்த பாக்டீரியா பெரிதாகக் கவலைப்படவில்லை. எண் ஏறக்குறைய 0.86-க்கு இறங்கியதும் வளர்வதை நிறுத்திக்கொண்டது. நம் பாகு நிற்கும் இடமும் அதுதான்.

இன்றைக்கு உணவு அறிவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் எல்லைகள் இந்த வழியில் வந்தவை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. பெரும்பாலான ஈஸ்ட்டுகள் 0.88-ல் நின்றுவிடும். பூஞ்சைகள் மட்டும் பிடிவாதக்காரர்கள், 0.80 வரைக்கும் இறங்கி வருவார்கள். பாகு பாட்டிலில் என்றாவது ஏதாவது வளர்ந்தால் அது பெரும்பாலும் மேலே மிதக்கும் பூசணமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பாகுக்குள் விழுந்த பாக்டீரியா பட்டினி மட்டும் கிடப்பதில்லை, உள்ளிருக்கும் தண்ணீரையும் இழக்கிறது. மாங்காயை நறுக்கி உப்பைப் போட்டுக் குலுக்கினால் சிறிது நேரத்தில் அடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே சவ்வூடு பரவல்தான். தண்ணீர் விடுதலையாக இருக்கும் பக்கத்திலிருந்து கட்டுண்டிருக்கும் பக்கத்துக்கு நகர்கிறது. செல் சுருங்கிப் போகிறது. சாகாமல் அப்படியே ஒடுங்கிக் கிடப்பவையும் உண்டு. தண்ணீர் கலந்த பாகு மறுநாளே புளிப்பது அவற்றின் வேலை.

தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநிக்கு நடந்து போகும் நகரத்தார் திரும்பி வரும்போது கொண்டுவரும் பஞ்சாமிர்தமும் இந்தக் கணக்கில்தான் தாக்குப்பிடிக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் எல்லாம் சேரும். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு சேராது. வாழைப்பழத்தில் இருக்கும் ஈரத்தைச் சர்க்கரையும் தேனும் பிடித்துக்கொள்கின்றன.

அப்படியானால் பாகில் சர்க்கரையை இன்னும் இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போக முடியாது. அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் 200 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிக்கும்போது அதே தண்ணீர் ஏறக்குறைய 490 கிராமைக் கரைக்கும். சூட்டில் மிஞ்சிக் கரைந்தது ஆறினதும் வெளியே வந்து படிகமாகும். கற்கண்டு செய்கிறவர்கள் இந்தத் தொல்லையையே தொழிலாக்கிக் கொண்டார்கள். முற்றிய பாகில் நூலைக் கட்டி நாள்கணக்கில் அசையாமல் விட்டுவிடுவார்கள். சர்பத் பாட்டிலில் அது நமக்கு வேண்டாம். சித்திரையில் பளிங்காக இருந்த பாகு மார்கழியில் அடியில் படிவு தட்டுவதும் இதனால்தான். குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் குறைவாகவே கரைக்கும்.

ஆக சர்பத் பாகு நடக்கும் பாதை மிகவும் ஒடுங்கியது. எடையில் 65 சதவீதத்துக்குக் கீழே சர்க்கரை இறங்கினால் புளிக்கும் அபாயம், 67-ஐத் தாண்டினால் படிகம் கட்டும். 1955-ல் இந்திய அரசு கொண்டுவந்த பழப்பொருள் ஆணை, சிரப் என்று விற்க வேண்டுமானால் கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. ஸ்குவாஷுக்கு 40 போதும். அந்த 40 தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாத எண். கடையில் வாங்கும் ஸ்குவாஷ் பாட்டிலின் சீட்டில் பென்சோயேட், சல்ஃபைட் போன்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை செய்யாமல் விட்ட வேலையை அவை செய்கின்றன.

சமையற்கட்டில் இந்த 65-ஐப் பிடிப்பது எப்படி? எளிய வழி, தொடக்கத்திலேயே அளந்து போடுவது. ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர். சர்க்கரை முழுக்கக் கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கினால் கணக்கு சரியாக வந்துவிடும். பலர் சர்க்கரைக்குச் சரியளவு தண்ணீர் விடுகிறார்கள். ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர். அது 50 சதவீதப் பாகு. 65-ஐத் தொட அந்த ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட பாதி ஆவியாக வேண்டும். பொறுமை இல்லாமல் முன்கூட்டியே இறக்கிவிட்டு, “நான் பண்ணினா மட்டும் கெட்டுப்போகுது” என்று கைராசியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

எவ்வளவு ஆவியாயிற்று என்று பார்க்க ஒரு சமையல் தெர்மாமீட்டர் போதும். வெறும் தண்ணீர் எவ்வளவு நேரம் கொதித்தாலும் 100 டிகிரியிலேயே நிற்கும். பாகு அப்படி நிற்காது. தண்ணீர் குறையக் குறைய, மிச்சமிருப்பதைச் சர்க்கரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதை ஆவியாக்க இன்னும் சூடு வேண்டும். பாதிக்குப் பாதி இருக்கும்போது 102 டிகிரி அளவில் கொதிக்கும். சர்பத்துக்கான இளம்பாகு 104-ல். கம்பிப் பதம் 110-க்கு மேல், அப்போது பாகில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. அதிரசத்துக்கும் உருண்டைகளுக்கும் வேண்டிய, தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வரும் பதம் 115 வாக்கில். 150-ஐத் தொட்டால் தண்ணீர் ஏறக்குறைய போயே போய்விட்டது. தட்டில் ஊற்றினால் கண்ணாடி போல் நொறுங்கும்.

நம் பாட்டிமார்கள் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளவில்லை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு வைத்து இழுத்துப் பார்த்தார்கள். அதை வெறும் பழக்கம், உத்தேசம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. 20 டிகிரி வெப்பத்தில் 60 சதவீதச் சர்க்கரைக் கரைசல் தண்ணீரைவிட ஏறக்குறைய 58 மடங்கு கொழகொழப்பானது. 70 சதவீதத்தில் அது 480 மடங்கு. சர்க்கரை பத்து சதவீதம் கூடினால் பாகுத்தன்மை எட்டு மடங்கு கூடுகிறது. தண்ணீரில் ஏற்படும் சிறிய குறைவைப் பாகே இப்படிப் பெரிதாக்கிக் காட்டும்போது, விரலுக்கு அதைக் கண்டுபிடிப்பதில் சிரமம் ஏது? கம்பி ஒன்றா, இரண்டா, அறுந்து சுருள்கிறதா என்பதெல்லாம் தண்ணீரின் அளவுகள்தான். கல்யாணச் சீருக்கு மணகோலம் கிளறும் ஆச்சிமார் கை தப்புவதே இல்லை என்றால் அதில் மந்திரம் எதுவும் கிடையாது. ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். விரல் சோதனை கம்பிக்கு மேலேதான் கூர்மையானது. சர்பத் பாகு கம்பிக்குக் கீழே, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் நிலையிலேயே இறக்க வேண்டியது. அங்கே விரல் கொஞ்சம் தடுமாறும். அளந்து போடுவதே மேல். கம்பி வரும்வரை காய்ச்சி பாட்டிலில் ஊற்றினால் ஒரு வாரத்தில் கற்கண்டுதான் கிடைக்கும்.

சர்க்கரை ஆலைகள் இதற்கு வேறொரு கருவி வைத்திருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் படமாத்தூரில் ஓர் ஆலை உண்டு. கரும்பு முற்றிவிட்டதா என்று பார்க்க வயலுக்குப் போகும் ஆலைக்காரர்கள் கையில் குட்டித் தொலைநோக்கி போன்ற ஒன்று இருக்கும். கரும்புச் சாறு ஒரு சொட்டை அதன் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிப்பார்கள். கரைந்த சர்க்கரை கூடக்கூட ஒளி அதிகமாக வளையும். அந்த வளைவை 0 முதல் மேலே போகும் அளவுகோலாகக் குறித்திருப்பார்கள். பிரிக்ஸ் என்பது அந்த அளவின் பெயர். ஜெர்மனியின் அடால்ஃப் பிரிக்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் அமைத்தது. பாகு நிறையக் காய்ச்சி விற்கிறவர்கள் இந்தக் கருவியை வாங்கிவைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வேண்டியதில்லை.

இனி எலுமிச்சைக்கு வருவோம். பாகு கொதிக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் படிகம் கட்டாது என்று வீடுகளில் சொல்வார்கள். சரிதான். நாம் வாங்கும் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் கைகோத்தது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுந்து, இரண்டும் தனித்தனியாகும். படிகம் என்பது ஒரே வடிவ மூலக்கூறுகள் வரிசை கட்டி அடுக்கிக்கொள்வது. மூன்று வடிவங்கள் கலந்து கிடந்தால் வரிசை குலைந்துவிடும். வெல்லத்தில் இந்தப் பிரிந்த சர்க்கரைகள் இயல்பாகவே இருப்பதால் வெல்லப் பாகு லேசில் படிகம் கட்டுவதில்லை.

இந்தப் பிரிவு நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் ஒளியால் பார்க்கலாம். ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியைச் சர்க்கரைக் கரைசல் வழியே விட்டால் அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பி வெளிவரும். கரிமப் பொருள்கள் இப்படி ஒளியைத் திருப்புவதை 1815-ல் கண்டவர் பிரான்சின் ழான் பாப்டிஸ்ட் பியோ. கரைசலில் அமிலம் சேர்த்தால் திருப்பம் மெல்ல மெல்லக் குறைந்து, பூச்சியத்தைக் கடந்து இடப்பக்கம் போய்விடும். இடப்பக்கம் இழுப்பது ஃபிரக்டோஸ். அதன் பலம் குளுக்கோஸின் வலப்பக்க இழுப்பைவிடக் கூடுதல். 1850-ல் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் பாத்திரத்தைத் தொடாமலே இந்தத் திருப்பத்தை நேரம் குறித்து அளந்துகொண்டே வந்தார். எவ்வளவு சர்க்கரை இன்னும் பிரியாமல் மிச்சமிருக்கிறதோ அதற்கேற்பவே பிரியும் வேகமும் இருக்கிறது என்று காட்டினார். வேதிவினைகளின் வேகத்தை அளக்கும் துறையே அங்கிருந்துதான் தொடங்கியது. சர்க்கரைப் பாகில் பிறந்த அறிவியல் என்று காரைக்குடிக்காரர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

சமையலுக்கு இதிலிருந்து ஒரு குறிப்பு: இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் மணம் இருக்கும், பிரிவு அப்போதைக்கு அதிகம் நடக்காது. படிகத்தைத் தடுக்க வேண்டுமானால் சில சொட்டாவது கொதியில் சேர வேண்டும். மணத்துக்கு வேண்டியதைக் குடிக்கும்போது டம்ளரில் பிழிந்துகொள்ளலாம்.

இவ்வளவு பார்த்துச் செய்தும் சில பாட்டில்களில் பூசணம் பிடிக்கிறது. காரணம் பெரும்பாலும் பாகில் இல்லை, மூடியில் இருக்கிறது. சூடாக ஊற்றி உடனே மூடினால் ஆவி மூடியின் உட்பக்கத்தில் துளியாகி, பாகின் மேல் சொட்டும். பாகு கெட்டியானது, எடை கூடியது, எனவே அந்தத் துளி கலந்துவிடாமல் மேலேயே மெல்லிய ஏடாகப் பரவும். கீழே 0.86 இருக்க, மேலே ஒரு நூலளவுக்கு 0.95 இருக்கும். பூஞ்சைக்கு அந்த ஏடு போதும். ஈரக் கரண்டியும் இதையே செய்யும். ஊற்றிய பாட்டிலை நன்றாக ஆறவிட்டு, அதுவரை வெள்ளைத் துணி கட்டி வைத்து, பிறகு மூடுவது இதற்காகத்தான்.

காற்றும் இதில் பங்குக்கு வரும். 0.86 உள்ள பாகு, ஈரப்பதம் 86 சதவீதத்துக்கு மேற்பட்ட காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அதற்குக் கீழ்ப்பட்ட காற்றுக்குத் தண்ணீரைக் கொடுக்கும். கோடையில் மூடியின் மரையைச் சுற்றி வெள்ளையாகச் சர்க்கரை கட்டுவதும், ஐப்பசி அடைமழையில் திறந்து வைத்த பாகின் மேற்பரப்பு நீர்த்துப்போவதும் ஒரே விதியின் இரண்டு முகங்கள்.

இன்னொரு வகை எதிரி அபூர்வமாக வரும். அடர்ந்த சர்க்கரையிலும் வாழப் பழகிய ஈஸ்ட்டுகள் உண்டு. சைகோசாக்கரோமைசிஸ் ரூக்ஸியை என்ற ஒன்று தேனிலும் பாகிலும்கூட மெதுவாகப் பெருகும். பாட்டிலைத் திறக்கும்போது ‘டப்’ என்று காற்று வெளியேறினால், சிறு குமிழிகள் ஏறினால், லேசான கள் வாடை வந்தால் அதுதான். மறுபடி கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுவதே நல்லது.

பாகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நன்னாரி கோபித்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வேரைக் கழுவி, தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை எடுத்துவிட்டு மேற்பட்டையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மணம் பட்டையில்தான். அந்த மணத்தின் பெரும்பகுதி 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு என்ற ஒரே மூலக்கூறுடையது. ஐஸ்கிரீமில் மணக்கும் வெனிலினும் இதுவும் அச்சாக ஒரே அணுக்களால் ஆனவை: கார்பன் 8, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 3. ஒட்டியிருக்கும் இடங்கள்தான் வேறு. ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்கிலும் இதே மூலக்கூறு உண்டு. அதை முகர்ந்தவுடன் நன்னாரி ஞாபகம் வருவது பிரமையல்ல.

நன்னாரி மூலக்கூறில் தண்ணீரைப் பற்றிக்கொள்ள வேண்டிய முனை, பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு முனையோடு தனக்குள்ளேயே இணைந்துகொள்கிறது. தண்ணீரோடு ஒட்டுறவு குறைவு, நீராவியோடு எளிதில் பறந்துவிடும். வேரைத் திறந்த பாத்திரத்தில் அரைமணி கொதிக்கவிட்டால் வீடெல்லாம் கமகமக்கும். பாட்டிலுக்கு வருவது மிச்சம்தான். கொதிக்கும் தண்ணீரை வேரின் மேல் ஊற்றி, உடனே இறுக்க மூடி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் வடிகட்டிய அந்தத் தண்ணீரிலேயே சர்க்கரையைச் சேர்த்துக் கரைப்பது நல்லது. ஒரு கொதிக்கு மேல் வேண்டாம். இதனால்தான் தண்ணீரைத் தொடக்கத்திலேயே அளந்து விடுவது முக்கியமாகிறது. கூடுதல் தண்ணீரை ஆவியாக்கக் காய்ச்சினால் அதோடு மணமும் ஏறிப்போகும். வீட்டுப் பாகு வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும். கருஞ்சிவப்பு வேண்டுமென்று ஒரு கைப்பிடி சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பதும் உண்டு. கண்ணுக்கு நல்லது, மூக்குக்கு அதனால் பயனில்லை.

டம்ளரில் முதலில் பாகை விட்டு, பிறகு தண்ணீரையோ சோடாவையோ ஊற்றுவது சர்பத் கடைக்காரரின் வழக்கம். பாகு தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு கனம் கூடியது என்பதால் எப்படி ஊற்றினாலும் அடிக்குத்தான் போகும். மேலிருந்து விழும் தண்ணீர் அதைக் கலக்கிவிடும். ஐஸ் தண்ணீரில் சர்க்கரையை நேரே போட்டால் அது கரைய நேரமாகும். பாகில் அந்த வேலை அடுப்பிலேயே முடிந்துவிட்டது. மதுரை ஜிகர்தண்டாவில் கடற்பாசிக்கும் பாலுக்கும் நடுவே நன்னாரிப் பாகு சேர்வதும் இந்த வசதியால்தான்.

ஒரு டம்ளருக்கு 30 மில்லி பாகு என்று வைத்தால், அதில் சர்க்கரை ஏறக்குறைய 26 கிராம். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரே டம்ளரில் அன்றைய கணக்கு தீர்ந்தது. இரண்டாவது டம்ளர் கேட்கிற பிள்ளைக்கு, வேர் ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் தனியே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் அதைக் கூட்டி, பாகைப் பாதியாகக் குறைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுக்கலாம். சர்க்கரை சேராத அந்த வேர்த் தண்ணீருக்கு மட்டும் ஆயுள் இரண்டு நாள்தான்.